டேம்பரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

பழைய ஜிப்ஸி. எழுபது கிலோமீட்டர் வேகம். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஒன்று தட்டி இறங்குகிறது. ஸ்டியரிங்கில் முதலில் லேசான நடுக்கம்தான். அடுத்த நொடியே இரண்டு முன்சக்கரங்களும் இடதும் வலதுமாக உதற ஆரம்பிக்கின்றன. டாஷ்போர்டு அதிர்கிறது, கண்ணாடிகள் அதிர்கின்றன, ஸ்டியரிங் கையைத் தட்டிவிடப் பார்க்கிறது. வேகம் நன்றாகக் குறையும்வரை உதறல் நிற்பதில்லை. குறைந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி சாதுவாக ஓடுகிறது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது. கட்டைவிரல்களை ஸ்போக்குகளுக்கு வெளியே எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திடமாக ஆனால் இறுக்காமல் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் கோளாறு இல்லை இது. ஒவ்வோர் உதறலும் டைராடு எண்டையும் பேரிங்கையும் இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகிறது.

இதற்குப் பலரும் செலவு செய்யும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் வீல் பேலன்சிங். அப்புறம் அலைன்மென்ட். அதன்பின் புது டயர். கடைசியில் ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் புது டேம்பர். ஒவ்வொரு செலவுக்குப் பிறகும் வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடுவதால், வழி சரிதான் என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. பிறகு மறுபடியும் உதறல். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. உதறலைத் தூண்டிவிடுவது ஒன்று. தூண்டிய பிறகு அது வளர இடம் கொடுப்பது வேறொன்று. பேலன்ஸ் இல்லாத சக்கரம், பள்ளம், ஒருபக்கம் தேய்ந்த டயர் எல்லாம் தூண்டுபவை. சாலையில் இவை எப்போதும் இருக்கும். இடம் கொடுப்பது முன்பக்க இணைப்புகளில் எங்கோ இருக்கும் ஆட்டம். அதைத் தேடிப் பிடிக்காமல் மற்றதற்கெல்லாம் கொட்டும் பணம் வீண்.

ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் போன்ற வண்டிகளில் இது அதிகம் வருவதற்குக் காரணம் அவற்றின் முன் ஆக்ஸில். இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முழுவதும் சாய்கிறது. சைக்கிள் சக்கரத்தைத் தனியே கழற்றி, இரு கையாலும் அச்சைப் பிடித்து, வேகமாகச் சுழலவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்த திசையில் போகாமல் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். வண்டியிலும் அதே கதைதான். ஆக்ஸில் சாய்ந்தால் சுழலும் சக்கரம் திரும்புகிறது. திரும்பிய சக்கரம் ஆக்ஸிலை மறுபக்கம் சாய்க்கிறது. அது மறுபடி சக்கரத்தைத் திருப்புகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் இரண்டு மூன்று துடிப்பில் அடங்கிவிடும். தளர்ந்திருந்தால் பெருகும்.

எழுபதில் ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். இத்தகைய ஆக்ஸில்கள் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவில் இயல்பாகவே துள்ளும் வேகமும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சிறு தட்டல்கூடப் பெரிதாகிறது. அந்த வேகத்தை ஒட்டியே உதறல் எளிதில் தொடங்குவது இதனால்தான்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1920களின் நடுவில் அகலமான, காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் கார்களில் பரவியபோது முன்பக்க உதறல் பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது. பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கும் அமைப்புக்காக உழைத்தார். 1934 மாடல் கார்களில் அது வந்தது. அதற்கு இந்த உதறலும் ஒரு காரணம். கார்கள் ஒற்றைத் தண்டிலிருந்து விலகிப் போய்விட்டன. கரடுமுரடான பாதைக்கு அதுவே உறுதியானது என்பதால் ஜீப் வகை வண்டிகள் அதை விடவில்லை. 1985இல் மாருதி கொண்டுவந்த ஜிப்ஸியும் பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒற்றைத் தண்டு ஆக்ஸிலோடுதான் வந்தது. போலீஸ், ராணுவம், வனத்துறை என்று உழைத்து, பிறகு ஆர்வலர்களின் கைக்கு வந்த அந்த வண்டிகள்தான் இன்று பட்டறைகளுக்கு உதறலோடு வந்து நிற்கின்றன.

சோதனையைத் தொடங்கும் முன் டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் இடதும் வலதும் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் கைக்குத் தெரியவிடாமல் செய்வது அந்த டேம்பர்தான். சாலையிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. டேம்பர் தேவையில்லை என்று சொல்லவில்லை. கல்லும் பள்ளமும் ஸ்டியரிங்குக்குக் கொடுக்கும் அடியைத் தாங்குவதற்கு அது வேண்டும். ஆனால் டேம்பர் மாற்றியதும் உதறல் போய்விட்டது என்றால், கோளாறு அந்தப் புது டேம்பர் தேயும்வரை ஒளிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சக்கரங்கள் தரையில், எடை முழுவதும் அவற்றின் மேல். ஸ்டியரிங் பூட்டைச் சாவியால் விடுவித்துவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதும் கால் சுற்றுக்குக் குறைவாக, விட்டுவிட்டுத் திருப்ப வேண்டும். பவர் ஸ்டியரிங் பொருத்திய வண்டி என்றால் இன்ஜின் ஓடட்டும். இன்னொருவர் வெளியே முன்பக்கத்தில் படுத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸியோடு சேரும் போல்ட்டுகளில் தொடங்குங்கள். அந்த இடத்தில் சேஸியில் விரிசல் விட்டிருப்பதும் உண்டு. அடுத்து பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க்கின் இரு முனைகள், டைராடு எண்டுகள். ஒரு பக்கம் அசைந்து, அதன் பிறகே மறுபக்கம் அசைந்தால் அந்த இணைப்பு போய்விட்டது. பிறகு பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள், சாக்கிள், யூ போல்ட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் முன்பே ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். காயில் ஸ்பிரிங் உள்ள பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் பேன்ஹார்ட் ராடு ஒன்று இருக்கும். அங்கே முதல் சந்தேகம் அதன் புஷ் மேலும் போல்ட் துளை மேலும்தான் விழ வேண்டும்.

இதன் பிறகுதான் ஜாக்கி. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கிலா, கிங்பின்னிலா? இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மிதித்த பின்னும் நீடித்தால் கிங்பின்.

ஜிப்ஸியில் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கிங்பின் பேரிங்குகள்தான். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டேப்பர் பேரிங்குகள். சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் பின்பக்கம், ஆக்ஸில் முனையின் உருண்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும் சீல் கிழிந்தால் ஓடைத் தண்ணீரும் சேறும் உள்ளே இறங்கிவிடும். நக்கிளைப் பிரித்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த சேற்றுக்கூழ் வழிவதைக் காணலாம். பேரிங்கின் வெளி வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய காலமெல்லாம் உருளைகள் ஒரே இடத்தில் அடி வாங்கியதால், அந்த இடங்களில் மெல்லிய பள்ளக் கோடுகள் வரிசையாக விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இறுக்கமாகவும் நேராக வந்ததும் லொடலொடப்பாகவும் இருப்பது இந்தக் கோடுகளால். வண்டி வேகமாக ஓடுவது நேராக ஓடும்போதுதானே! பிடிப்பு தேவைப்படும் அந்த நிலையில்தான் பிடிப்பு இல்லாமல் போகிறது. இந்த வளையங்களை விட்டுவிட்டு, இறுக்கத்தை நிர்ணயிக்கும் ஷிம் தகட்டை மட்டும் எடுத்து இறுக்குவது வேலையில் சேர்த்தியே இல்லை. வளையத்தோடு சேர்த்து பேரிங்கையும் சீலையும் புதிதாகப் போட வேண்டும்.

அடுத்து இறுக்கம். கிங்பின்னுக்கும் நக்கிளுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும். மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று பிரிக்கும்போதே தனித்தனியாக எடுத்து வையுங்கள். இறுக்கத்தைக் கையால் நிதானித்துச் சொல்லும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதற்கு ஒரு கொக்கித் தராசு போதும். சீலை மாட்டாமல், டைராடையும் சேர்க்காமல், நக்கிள் கையில் டைராடு மாட்டும் துளையில் தராசின் கொக்கியைப் போட்டு நேராக இழுக்க வேண்டும். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோ வரை காட்டினால் சரி. குறைந்தால் உதறல் திரும்பும். கூடினால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வராது, பேரிங்கும் சீக்கிரம் போகும்.

வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்காக முன்பக்கம் நீளமான சாக்கிள் போட்ட வண்டிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜிப்ஸியில் முன் ஸ்பிரிங்கின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஸ்பிரிங்கின் முன்முனை கீழே இறங்கி, ஆக்ஸில் முன்னோக்கிச் சுழன்று, கேஸ்டர் குறைகிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் கோணம் அதுதான். இந்த வண்டிக்கு அது சுமார் 3.5 டிகிரி இருக்க வேண்டும். அலைன்மென்ட் கடைகளில் ஒற்றைத் தண்டு ஆக்ஸிலுக்கு, சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவான டோ மட்டும்தான் சரிசெய்வார்கள், கேஸ்டரைத் திருகி மாற்ற வழியில்லை. அளந்து சொல்லும்படி நீங்கள்தான் கேட்க வேண்டும். குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். பழைய அளவுச் சாக்கிளுக்கே திரும்புவது அதைவிட நல்லது. டோவை வீட்டிலேயே அளக்கலாம். இரு டயர்களின் நடுவிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, ஹப் உயரத்தில் முன்னும் பின்னும் டேப்பால் அளந்தால் முன்பக்கம் 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு இடங்களில் அவசரம் வேண்டாம். ஸ்பிரிங் புஷ்களின் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். டைராடு நட்டில் ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் நட்டை மேலும் சற்று இறுக்கித்தான் துளையைக் கொண்டுவர வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்டியரிங் பாக்ஸ் தலையில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை எல்லாம் முடிந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டுமே தொடுங்கள். மற்ற இடங்களில் இருக்கும் ஆட்டத்தை மறைக்க அதைத் திருகிப் பாக்ஸையே கெடுத்துக்கொண்ட வண்டிகள் ஏராளம்.

இப்போது டேம்பரை மாட்டலாம், டயரைப் பேலன்ஸ் செய்யலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, எந்தப் பக்கம் எத்தனை ஷிம், தராசு காட்டியது எவ்வளவு, டோ எத்தனை மி.மீ. என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அந்த நக்கிளைத் திறக்கப்போகும் மெக்கானிக் கையில் அளவுகளோடு தொடங்கலாம்.