குளித்து வந்தாலும் போகாத வாடை

மூக்குக்கு மேல் கோபம் வருகிற கணவரைப் பற்றிப் பேச நமக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. குறட்டை விடுகிறவரைப் பற்றி நாலு பேர் நடுவில் சிரித்துச் சிரித்துப் பேசுவோம். ஆனால், ‘இவர் மேலே ஒரு வாடை அடிக்குது, என்ன செஞ்சும் போக மாட்டேங்குது’ என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்ல நாக்கு எழாது. சொன்னால் அவருக்கு அவமானம். சொல்லாவிட்டால் நமக்குத் தினமும் அவஸ்தை.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் ஒரு குளியல், பட்டறையிலிருந்து வந்ததும் இன்னொரு குளியல். பனியன் ஒரு நாளைக்கு மேல் உடம்பில் இருக்காது. அப்படிப்பட்ட மனிதரிடம் 2022-ம் வருடக் கோடையில் ஆரம்பித்தது அது.

வியர்வை நாற்றம் எனக்குப் புதிதல்ல. வெயிலில் உழைத்துவிட்டு வருகிற ஆண்பிள்ளை சந்தனமாக மணக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணும் எதிர்பார்ப்பதில்லை. இது வேறு. புளித்த மாவையும் நறுக்கி வைத்த வெங்காயத்தையும் ஒன்றாக மூடி வைத்தது போல ஒரு நெடி. குளித்துத் தலை துவட்டி உட்கார்ந்த அரை மணிக்குள் மெல்லத் தலைகாட்டும். துவைத்துக் காய்ந்த சட்டையில் ஒன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போதும், கக்கத்துப் பக்கத்திலிருந்து குப்பென்று கிளம்பும். பனியனில் அந்த இடம் மட்டும் மஞ்சள் பூசினாற்போல் ஆகிவிட்டது. எந்த சோப்புக்கும் அந்த மஞ்சள் மசியவில்லை.

ஆறு மாதம் ஓடியது. மடியில் ஏறி உட்காரும் என் பெண் எதிரே தள்ளி உட்கார ஆரம்பித்தாள். ‘குழந்தைக்குத் தூக்கம் கெடுது’ என்று சொல்லி நான் ஹாலில் பாய் விரித்தேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டதும் டி.வி.கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். பதினோரு வருடக் குடித்தனத்தில், சண்டை போடாமலே இரண்டு பேர் பேச்சைக் குறைத்துக்கொண்டது அப்போதுதான்.

என் மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் நேரே எதுவும் சொல்லாமல் பயத்தம் மாவு, கிச்சிலிக் கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் சேர்த்துக் குளியல் பொடி அரைத்துக் கொடுத்தார். ‘கத்தாழை நாத்தத்துக்கு இதை விட மருந்து கிடையாது’ என்பார் என் பாட்டியும். பொடி மணக்கத்தான் செய்தது. பத்து மணிக்குள் மணம் போய் நெடி திரும்பியது. அந்தக் கைவைத்தியத்தில் ஓரளவு பலன் தெரிந்தது படிகாரத்தில்தான். சவரக் கடையில் முகத்தில் தேய்ப்பார்களே, அதே கட்டி. அது தோலைச் சுருக்கும், கிருமியையும் ஓரளவு அடக்கும். அதுவும் அரை நாள்தான் தாங்கியது.

டாக்டரிடம் போகிற யோசனை வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம்: கோளாறு அவர் உடம்பிலா, என் மூக்கிலா? இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். மசக்கைக்காரிக்குத் தாளிக்கும் வாசனை குமட்டுகிறதே, அது வாசனையின் குற்றமா? கோவிட் காலத்துக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வெங்காயமும் காபியும் முட்டையும் அழுகிய வாடையாகத் தெரிந்தன. சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே, கணவர் மேல் திடீரென்று ஒரு நாற்றம் தெரிந்தால் இரண்டாவது மூக்கு ஒன்று வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மாமியார் மூக்கும் மகள் மூக்கும் சாட்சி. பனியன் மஞ்சளோ மூக்கே தேவையில்லாத சாட்சி.

அவருக்கே ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஊதுவத்திக் கடைக்காரருக்கு ஊதுவத்தி மணக்காது. ஒரே வாசனை விடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுகிறது. தன் உடம்பின் வாடை அவரவருக்குக் கடைசியில்தான் எட்டும். கூட இருக்கிறவர்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சொல்வதுதான் மலை. எப்போது சொல்லக் கூடாது என்று முதலில் முடிவு செய்துகொண்டேன். படுக்கையில் கூடாது. வேலை முடிந்து சட்டையைக் கழற்றும்போது கூடாது. மாமியார் மூலம் சொல்லக் கூடவே கூடாது. அம்மா வாயால் கேட்டால் எந்த ஆணும் கூனிக் குறுகிப்போவான். ‘நாத்தம்’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது. ‘குளிங்க’ என்ற சொல்லையும்தான். இரண்டு வேளை குளிக்கிறவரிடம் அதைச் சொன்னால் நியாயமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். டீ குடித்து முடித்ததும் துவைத்த பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னங்க, உங்க கக்கத்துல ஏதோ தோல் வியாதி மாதிரி இருக்குமோன்னு தோணுது. இதப் பாருங்க, எவ்வளவு துவைச்சும் இந்த மஞ்சள் போகல. அந்த இடத்துல ஒரு வாடையும் வருது. நீங்க நல்லா சோப்புப் போட்டுத்தான் குளிக்கறீங்க, அது எனக்குத் தெரியும். அதனாலதான் இது அழுக்கு இல்ல, வேற என்னமோன்னு படுது.”

பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை நாளா?” என்றார்.

“ஆறு மாசம் இருக்கும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பட்டறையில சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறாங்க. சூப்பர்வைசர்னு மரியாதை போலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இரண்டு நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, “எந்த டாக்டர்கிட்டப் போகணும்?” என்று கேட்டார்.

முதலில் பார்த்த டாக்டர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. ‘வெயில் காலம், பவுடர் போடுங்க’ என்று அனுப்பிவிட்டார். அந்தப் பவுடரோடு விட்டிருந்தால் இன்றைக்கும் நான் ஹாலில்தான் படுத்திருப்பேன். அடுத்த வாரம் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் கேட்ட கேள்விகளை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வாடை உடம்பு முழுக்கவா, ஓர் இடத்திலா? வாயிலிருந்தா, தோலிலிருந்தா? குளித்து எவ்வளவு நேரத்தில் வருகிறது? மீன், முட்டை சாப்பிட்டால் அதிகமாகிறதா? புதிதாக ஏதாவது மாத்திரை உண்டா? தாகம், எடைக் குறைவு இருக்கிறதா? அப்பா, அண்ணன் தம்பிக்கும் இப்படி இருந்ததா?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வியர்வைக்குத் தானாகப் பெரிதாக வாடை கிடையாதாம். உடம்பெங்கும் இருக்கிற சுரப்பிகளில் வருவது தண்ணீரும் உப்பும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பவை வேறு ரகம். பருவ வயதில்தான் வேலை தொடங்கும், கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான வியர்வையைச் சுரக்கும். தோலில் குடியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று செரிக்கும்போது எழுவதுதான் நாற்றம். அதனால்தான் ஓர் இடத்து வாடை என்றால் தோலையும், உடம்பு முழுக்க வாடை என்றால் உள்ளேயும் தேட வேண்டும்.

உள்ளே தேடுவது என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை இவற்றையெல்லாம். சர்க்கரை வியாதிக்காரரின் மூச்சில் கனிந்த பழவாடை வந்து, வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம், குழந்தையானாலும் அப்படித்தான். உடம்பே மீன் வாடை அடிக்கும் ஒரு பிறவிக் கோளாறும் உண்டு. மீன், முட்டை மஞ்சள்கரு, ஈரல், சோயா ஆகியவற்றிலிருந்து குடலில் உண்டாகும் ஒரு பொருளைக் கல்லீரல் வாடையற்றதாக மாற்ற வேண்டும். இவர்களுக்கு அது சரியாக நடக்காமல் வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் அப்படியே வெளியேறும். மருத்துவ ஏடுகளில் இது 1970-ல் பதிவானது. காரணமான மரபணுக் கோளாறு 1997-ல் கண்டறியப்பட்டது. அதை அடியோடு போக்கும் மருந்து இல்லை, சாப்பாட்டை மாற்றி அடக்கலாம். இது அபூர்வம்தான். ஆனாலும், அந்தக் காலத்தில் ‘அழுக்குப் பிடிச்சவ’ என்று தள்ளிவைக்கப்பட்ட எத்தனை மருமகள்களுக்கு இது இருந்ததோ!

வெந்தயத்தைப் பற்றியும் கேட்டார். சர்க்கரைக்கு நல்லது என்று தினம் ஊறவைத்து நிறையச் சாப்பிடுகிறவர்களின் வியர்வையிலும் சிறுநீரிலும் அந்த வாசனை இறங்கும். அது வியாதி அல்ல, நிறுத்தினால் போய்விடும்.

கடைசியில் கையைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்குள் மயிர் ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் மெழுகு பூசினாற்போல் சின்னச் சின்ன மணிகள். ஈர்க்கு போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சோப்புக்கு வருவதில்லை. இதற்கு ‘ட்ரைக்கோமைகோசிஸ்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் பூஞ்சை என்று தோன்றும், ஆனால் பூஞ்சை அல்ல. கோரினிபாக்டீரியம் என்ற கிருமி மயிரில் கட்டுகிற கூடு. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் சகஜம். தோலில் அரிப்போ வலியோ இருக்காது. அதனால் வந்திருப்பதே பலருக்குத் தெரியாது. பனியனில் ஏறிய மஞ்சளும் அதன் வேலைதான்.

வைத்தியம் இவ்வளவுதான்: அந்த மயிரை முழுவதும் மழித்துவிட வேண்டும். கிருமியின் வீடே போய்விடும். பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த பென்சாயில் பெராக்சைடு திரவத்தைக் குளிக்கும்போது தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கூடவே கிளின்டாமைசின் லோஷன். மூன்றாவது வாரத்தில் நெடி போயே போய்விட்டது. அதற்கப்புறம் ஞாயிறு தோறும் சவரம், கக்கத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் சட்டை. வியர்வையைக் குறைக்கிற அலுமினிய உப்பு கலந்த மருந்தைக் காலையில் அவசர அவசரமாகப் பூசுவதைவிட, ராத்திரி உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாகப் பிடிக்கும் என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

நமக்கான சங்கதி ஒன்று. இந்தப் பென்சாயில் பெராக்சைடு பட்ட துணி வெளுத்துத் திட்டுத் திட்டாகும். அதற்கென்று ஒரு வெள்ளைத் துண்டு ஒதுக்கிவிடுங்கள். பழைய பனியன்களைத் தூக்கிப் போட்டேன். சட்டைகளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்து, பிறகு துவைத்து நல்ல வெயிலில் போட்டேன். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். பட்டறை யூனிஃபார்ம் பாலியஸ்டர். அது உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வாடைக் கிருமிக்கும் வசதி. இஸ்திரிச் சூட்டில் குப்பென்று கிளம்பியதன் ரகசியம் அதுதான். உள்ளே நல்ல பருத்திக் கைப் பனியன் போட்டால் பாதிக் கவலை தீரும்.

மனைவியின் மூக்கை லேசாக நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் பெர்த் என்ற ஊரில் ஜாய் மில்ன் என்ற நர்ஸ். டாக்டரான கணவர் லெஸ் முப்பது வயது தாண்டிய சமயத்தில் அவர் மேல் ஒரு புது வாடையை உணர்ந்தார். சரியாகக் குளிப்பதில்லை என்று அந்த அம்மாளும் அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறார். பன்னிரண்டு வருடம் கழித்து, 45 வயதில், கணவருக்குப் பார்கின்சன் என்ற நடுக்கு வாதம் என்று தெரிந்தது. பிற்பாடு அந்த நோயாளிகள் கூடிய ஓர் இடத்துக்குப் போனால், அதே வாடை! எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 12 பேர் அணிந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு பேர் நோயாளிகள். ஆறையும் சரியாகச் சொல்லி, ஏழாவதாக நோயில்லாத ஒருவரையும் காட்டினார். எட்டு மாதத்தில் அவருக்கும் நோய் என்று தெரிந்தது. அந்த வாடை முதுகின் எண்ணெய்ப் பசையில் இருக்கிறது என்று ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். எல்லா வாடையும் பெரிய வியாதி என்று இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். அந்த அம்மாளுக்கு வாய்த்த மூக்கு கோடியில் ஒன்று. பழகிய உடம்பின் வாசனை மாறினால் டாக்டரிடம் சொல்லத்தக்க விஷயம் அது என்பதற்காகச் சொன்னேன்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு வயதுக்கு முன் பெண் குழந்தைக்கோ, ஒன்பது வயதுக்கு முன் பையனுக்கோ பெரியவர்களைப் போல அக்குள் வாடை வந்தால், சென்ட் அடித்து அனுப்பாமல் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும், ஹார்மோன் முன்கூட்டியே வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

போன சித்திரையில் இவருக்கு வாடை மறுபடி லேசாகத் தலைகாட்டியது. இந்த முறை நான் சொல்லவில்லை. பனியனைப் பார்த்து அவரே சொன்னார். இப்போது பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கும் அதே தொல்லையாம். மதியச் சாப்பாட்டுக்கு அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டாக்டர் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.