சிக்னல் கோடு இருக்கு, கால் மட்டும் போகலை: ஏன்?

சுங்கை செம்பிலாங் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கீங்க. கைப்பேசியில் இரண்டு கோடு தெரியுது. ஆனால் உங்கள் குரல் எதிர்முனையில் விட்டு விட்டுத்தான் கேட்குது. வாசலுக்கு வந்தால் சரியாகிவிடுது. என்ன காரணம்?

கோடுகள் எதைக் காட்டுகின்றன?

கைப்பேசியும் ஒரு வானொலிதான். கேட்பதோடு பேசவும் செய்யும். கோபுரத்தின் அலை உங்களிடம் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டும். நீங்கள் அனுப்பும் அலை கோபுரத்தைச் சேருதா என்பதை அவை சொல்லாது. கோபுரம் பல பத்து வாட் சக்தியில் அனுப்பும்; 4ஜி கைப்பேசியின் உச்ச சக்தி பொதுவாக 0.2 வாட்தான். மைக்கில் பேசுபவர் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவர் முணுமுணுத்தால் மேடைக்குக் கேட்குமா? அதே கதைதான்.

செம்பனைத் தோட்டத்தில் ஏன் மோசம்?

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டர்கூட இல்லை. நீளமான அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். குட்டை அலையில் டேட்டா வேகம் கிடைக்கும்; ஆனால் ஈரமான இலைகளும் சுவர்களும் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். மலேசியாவின் முதல் 5ஜி கட்டமைப்பு இந்த இரண்டையுமே பயன்படுத்துகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் முன்பு பழைய அனலாக் தொலைக்காட்சியின் இடம். 2019 அக்டோபர் 31-இல் அந்த ஒளிபரப்பு முழுமையாக நின்றதால்தான் அது கைப்பேசிக்குக் கிடைத்தது.

வேறு நெட்வொர்க்கில் இருப்பவரை எப்படி அழைக்கிறோம்?

உங்கள் குரல் காற்றில் போவது பக்கத்துக் கோபுரம் வரைதான். அங்கிருந்து பெரும்பாலும் கேபிள் வழியாக உங்கள் நிறுவனத்தின் மையத்துக்கும், பிறகு அடுத்த நிறுவனத்தின் மையத்துக்கும் போகும். கடைசியில் நண்பருக்கு அருகிலுள்ள கோபுரம் அதை மறுபடி ரேடியோ அலையாக அனுப்பும்.

பாட்டியின் பழைய கைப்பேசி?

நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. இப்போது அழைப்பு 4ஜி வழியே போக வேண்டும். இல்லாவிட்டால் 2ஜிக்கு இறங்கும். 4ஜி கைப்பேசியாக இருந்தாலும் ‘வோல்டி’ எனும் 4ஜி குரல் வசதி அணைந்திருந்தால், அழைப்புக்கு 2ஜியைத்தான் தேடும். அங்கே 2ஜி பலவீனம் என்றால் லைன் கிடைக்காது. அடுத்த முறை போகும்போது செட்டிங்ஸில் பாருங்க. அணைந்திருந்தால் திறந்துவிடுங்க.

அவசரம் என்றால்?

திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வந்தால் பயப்படாதீங்க. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லை, ஆனால் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் கைப்பேசிக்குத் தெரிகிறது என்று அர்த்தம். 999-ஐ அழைத்தால் அந்தக் கோபுரம் வழியாகவே போகும். எந்தக் கோபுரமும் கிடைக்காவிட்டால், ஸிங்க் கூரைக்கு வெளியே, மரங்கள் இல்லாத திறந்தவெளிக்கு வந்து மறுபடி முயலுங்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்றாலே சில நேரம் லைன் கிடைத்துவிடும்.

இதைப் பாட்டிக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்க. அவசர நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.