பழைய மோட்டாருக்குப் புதிய நாளம்

மோட்டார் வண்டியின் இருதயம் யந்திரம் என்றால், அதன் இரத்த நாளம் பெட்ரோல் குழாய். பழைய வண்டியைப் போற்றி வைத்திருப்பவர்கள் அதன் வர்ணத்துக்கும் மெத்தைக்கும் தாராளமாகச் செலவு செய்வார்கள். அடியில் அழுக்கேறிக் கிடக்கும் ஒரு சாண் ரப்பர்க் குழாயை எட்டியும் பார்க்க மாட்டார்கள். ஆனால் வழியில் வண்டியை நிறுத்தி விடுவதும், சில சமயங்களில் எரித்தே விடுவதும் அந்தக் குழாய்தான்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை புதுச்சேரிக்கும் மற்றொன்று விழுப்புரத்துக்கும் போகிறது. இதே சாலையில், வண்டலூருக்கு அருகே, 1961-ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் உற்பத்தியாயின. நம்மவர் கைவண்ணத்தில் உருவான அவ்வண்டிகளிற் பல ஐம்பது பிராயத்தைத் தாண்டி விட்டன. 2021-இல் மத்திய சர்க்கார் செய்த விதித் திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத சொந்த உபயோக வண்டிகள் புராதன வண்டிகளாகப் பதிவு பெறலாம். கௌரவம் கிடைத்து விட்டது. ஆயுளுக்கு யார் பொறுப்பு?

ஹெரால்டில் டாங்கி பின்னால் இருக்கிறது. யந்திரம் முன்னால் இருக்கிறது. யந்திரத்தின் பக்கத்தில் பொருத்திய சிறு பம்பு, பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. ஆகவே குழாயின் நோயும் இருவகைப்படும். டாங்கிக்கும் பம்புக்கும் இடையே வெடிப்பு உண்டானால், ஓடும்போது ஒரு சொட்டும் ஒழுகாமற் போகலாம். அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகும். மெல்லச் சென்றவரை ஒழுங்காக ஓடிய வண்டி, வேகம் கூடியதும் திணறும். சொந்தக்காரரோ கார்புரேட்டரையும் பிளக்கையும் குறை கூறிக் கொண்டிருப்பார். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே வெடித்தாலோ, பெட்ரோல் பீறிட்டுச் சூடேறிய புகைக் குழாயின் மீது விழும். அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

முன்பெல்லாம் முதுமையும் வெயிலுமே ரப்பரை வாட்டின. இப்பொழுது பெட்ரோலே மாறியிருக்கிறது. அதில் எத்தனால் என்னும் சாராயச் சத்தின் கலப்பு 2022-இல் பத்து சதவிகிதத்தையும், 2025-இல் இருபது சதவிகிதத்தையும் எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எத்தனால் கிடைக்கிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையையும் சுற்றுவட்டாரக் கரும்புத் தோட்டங்களையும் கண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அயல்நாட்டு எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு நம் உழவனைச் சேர்வது நல்லதே. ஆனால் பழைய ரப்பர் இந்தக் கலப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. அது ஊறிப் பருக்கிறது. பின்னர் உட்புறம் துகளாக உதிர்ந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்குமாதலால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கி துருவேறவும் கூடும்.

பரிகாரம் பெரிதன்று. யந்திரம் நன்றாக ஆறிய பின், காற்றோட்டமான இடத்தில், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாயில் தங்கிய பெட்ரோலைத் தகரப் பாத்திரத்தில் பிடித்துக் கொள்ளலாம். புதிய குழாயின் உள்விட்டம் பழையதன் அளவே இருத்தல் அவசியம். தண்ணீர்க் குழாயை நறுக்கி மாட்டுவது ஆபத்து. எத்தனாலைத் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே 30 ஆர் 9 என்ற முத்திரையுள்ள குழாயையே கேட்டு வாங்க வேண்டும். விளிம்பு ரப்பரை அறுக்காத வழுவழுப்பான ஹோஸ் கிளிப்புகளை அளவோடு முடுக்க வேண்டும். வண்டியின் அடியிலுள்ள உலோகக் குழாயையும் சோதிப்பது நன்று. செம்புக் குழாய் அதிர்ச்சியால் நாளடைவில் இறுகி வெடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் மேலானது. எல்லாம் பொருத்திய பின், யந்திரத்தை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் பார்த்த பிறகே சாலைக்குப் புறப்படலாம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இன்று லாரிகளும் பஸ்களும் பறக்கின்றன. அந்தச் சாலையோரத்தில் குழந்தை குட்டிகளுடன் நின்றுவிட்ட வண்டியைத் தள்ளுவது வேடிக்கையன்று. எனவே ஆண்டுக்கொருமுறை குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ, வெடித்தோ, பிசுபிசுத்தோ இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். பழமையைக் காப்பது என்பது பழைய ரப்பரையும் சேர்த்துக் காப்பதன்று.