பங்காளிகளின் கூரை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940-கள் வரை நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளைப் பழுதுபார்ப்பதா, வாடகைக்கு விடுவதா, விற்பதா என்னும் கேள்வி, பணக்கணக்குக்கு வருமுன்பே உரிமைக் கணக்கில் சிக்கிக்கொள்கிறது. பர்மாத் தேக்கால் வீடு கட்டிய தலைமுறையின் வட்டித்தொழில், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு நொடித்தது. வருவாய் நின்ற பின்னும் வாரிசுகள் பெருகினர். வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கென ஒதுக்கப்பட்டவையாதலால், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் பேரர்களுக்கு இன்று அறை தனியாகவும், முகப்பும் வளவும் கூரையும் பொதுவாகவும் உள்ளன.

கூரையைக் காப்பதே தலையாய வேலை. ஓடு நகர்ந்த இடத்தில் இறங்கும் நீர், ஓட்டைத் தாங்கும் கைமரத்தையும் பின்னர் உத்தரத்தையும் உளுக்கச் செய்கிறது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினாலோ, உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சையே பெயர்த்துவிடுகிறது. முழு வீட்டையும் புதுப்பிக்கும் செலவை எண்ணி மலைத்து நிற்பதைவிட, ஆண்டுதோறும் மழைக்குமுன் ஓடு மாற்றப் பங்காளிகள் பொதுநிதி ஒன்று வைப்பது நன்று.

குடியிருக்க இத்தனை பெரிய வீட்டைக் கேட்போர் அரிது. படப்பிடிப்புக்கு விடலாம், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. நீண்டகாலக் குத்தகையில், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இன்றியமையாதது.

விற்பனையில், ஒருவர் தம் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்றாலும், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வாங்கியவர் பிரிபடாத குடும்ப வீட்டில் கூட்டாகக் குடியேற முடியாது. அவர் பாகப்பிரிவினை கோரி வழக்கிட்டால், 1893-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றப் பங்காளிகள் அப்பங்கை நீதிமன்ற மதிப்பில் வாங்க இடமளிக்கிறது. முழு வீடும் விலைபோகும்போது, பெரும்பாலும் மனைக்கும் மரத்துக்குமே விலை கிடைக்கிறது. தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைக்குரியதே எனினும், அதனால் மட்டும் எந்த வீடும் இடிபடாமல் காக்கப்படுவதில்லை.

எனவே, விலை பேசுவதற்கும் முன்பாக உரிமையாளர் பட்டியலை எழுதவேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், முன்பே முறையாகப் பாகம் பிரியாத பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு நிகரான பங்கை அளித்திருப்பதால், மணமாகிப் போன பெண்களின் பெயர்களும் அதில் இருந்தாக வேண்டும்.