நொச்சி சூடிய வான்படைத் தலைவர்

வகுப்பிலே நொச்சித் திணையைக் கற்பிக்கும்பொழுதெல்லாம், இக்காலத்தில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டோ என்று மாணவர் வினவுவது வழக்கம். தொல்காப்பியர் நொச்சியை உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையாரோ தனித் திணையாக்கினார். எவ்வாறாயினும், மதில் கொண்டவனை நினைக்கும் அளவுக்கு மதில் காத்தவனை உலகம் நினைப்பதில்லை. யான் அவர்க்குக் கூறும் விடை, 1942இல் நம் ஈழநாட்டு வானத்தைக் காத்த ஆங்கிலேயர் ஒருவரின் பெயராகும். எயர் மார்ஷல் சேர் ஜோன் டி அல்பியாக் என்பார் அவர்.

1894இல் பிறந்த இவர், கடற்படையைச் சார்ந்த பீரங்கிப் படையிற் சேர்ந்து, பின் கடற்படை விமானங்களில் நோக்குநராய்ப் பறந்தார். 1918இல் பிரித்தானிய வான்படை தோன்றியபோது அதனுட் புகுந்தார். (எயர் கொமடோர், எயர் வைஸ் மார்ஷல் முதலாய பதவிப் பெயர்களுக்குத் தமிழ் ஆக்கப் புகுவார் இடர்ப்படுவர், அவற்றை அப்படியே விடுதலே நன்று.)

1940இல் கிரேக்கத்திலிருந்த பிரித்தானிய வான்படைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் ஜேர்மானியர் பெருந்திரளாய்ப் புகுந்தனர். இவரிடம் இருந்தனவோ மிகச் சில விமானங்கள். பின்வாங்குதலன்றி வேறு வழியிருக்கவில்லை.

அத்தோல்வியின் வடு ஆறுமுன்னரே 1942இல் கொழும்பில் 222ஆம் வான்படைத் தொகுதியின் பொறுப்பு இவரை வந்தடைந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலும் விமான ஓடுபாதையாயிற்று. கிரேக்கத்தில் இவருக்குக் கீழே போரிட்ட 30ஆம், 11ஆம் அணிகள் இங்கும் இவருக்குக் கீழே அமைந்தமை வியப்பே. ஏப்பிரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானம் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அச்செய்தியால் கொழும்புத் துறைமுகத்துக் கப்பல்கள் பல தப்பின. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அன்று 11ஆம் அணியின் ஒன்பது பிளெனீம் விமானங்கள் பகைக் கப்பல்களைக் குறிவைத்துச் சென்றன, ஐந்து அழிந்தன, குண்டு ஒன்றேனும் இலக்கிற் படவில்லை. ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந் தாங்கிக் கப்பலும் மூழ்கிற்று. ஆயினும் பகைவர் கரையிறங்கவில்லை, கடலை விட்டகன்றனர். இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? நொச்சி என்பதே பொருந்தும்.

பின்னர் 1943இல் ஐரோப்பியப் படையெடுப்புக்கென அமைந்த இரண்டாம் போர்த்தந்திர வான்படையின் முதற்றலைவரானார். படையெடுப்புக்கு முன்னரே, 1944இல், அத்தலைமை கொனிங்காம் என்பாரிடம் சென்றது. நட்டவர் ஒருவர், கனி கொய்தவர் வேறொருவர்.

போர் ஓய்ந்தபின் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் தலைமை அதிகாரியாய் 1957 வரை பணிபுரிந்தார். குண்டுகளை ஏற்றியனுப்பியவர் பயணிகளை வரவேற்றார். 1963இல் மறைந்தார்.

நம் பலாலியின் கதையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. செம்மண் தோட்டங்களின் நடுவே போர்க்காலத்தில் எழுந்த அவ்விமானத்தளத்தில் 1945இல் 203ஆம் அணியின் லிபரேற்றர் விமானங்கள் தங்கின. 1947 திசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கு வந்து சென்னை சென்றது. ஹீத்ரோவைப் போலவே பலாலியும் பயணிகளுக்குத் திறந்தது. பின் நம்மிடையே போர் மூண்டு, 1990இல் சுற்றுப்புறத்து ஊரவர் வெளியேறினர். 2019 ஒக்ரோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாய்த் திறக்கப்பட்டுச் சென்னைக்கு மீண்டும் விமானம் பறந்தது. வெளியேறிய குடிகளுள் எல்லார்க்கும் தம் தோட்டம் திரும்பக் கிடைத்திலது. அவருட் சிலர் என் மாணவரின் பாட்டன்மார்.