விதைக்குக் கவசம், கோழிக்கு நஞ்சு

வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைப் பகுதியில் வீட்டு மனைகளுக்கு இடையே எஞ்சிய நிலத்தில் நிலக்கடலையோ உளுந்தோ விதைக்கும் சிறு விவசாயிக்கு ஒவ்வொரு விதையும் முக்கியம். விதை மண்ணிலேயே அழுகினாலும், முளைத்த செடி கழுத்தழுகல் நோயால் சாய்ந்தாலும் விளைச்சல் குறையும். இதைத் தடுக்க விதையுடன் கலக்கும் பூசணக் கொல்லிகளுள் ஒன்று திரம்.

திரம் ரப்பர்த் தொழிலில் பயன்படும் ரசாயனமாகும். அம்பத்தூரில் டன்லப் ஆலை பல்லாண்டுகள் டயர் செய்ததை இப்பகுதியினர் அறிவர். ரப்பருக்கு உறுதி வரக் கந்தகம் சேர்த்துச் சூடாக்க வேண்டும். கந்தகம் மட்டும் சேர்த்தால் பல மணி நேரம் பிடிக்கும். சிறிது திரம் சேர்த்தால் சில நிமிடங்களில் முடியும். இதன் பூசணம் கொல்லும் திறன் 1930-களில் தெரியவந்தது.

கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு 4 கிராம், உளுந்துக்கு 2 கிராம் திரம் போதும். ஓர் ஏக்கருக்கான 50 கிலோ கடலைப் பருப்புக்கு 200 கிராம் ஆகும். பாலிதீன் பையில் விதையையும் மருந்தையும் இட்டு, கடலையின் தோல் உரியாதபடி மெதுவாகக் குலுக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலந்து விதைக்கலாம்.

மீந்த விதையில்தான் ஆபத்து இருக்கிறது. அதைக் கழுவினாலும் வறுத்தாலும் உண்ணக்கூடாது, செக்குக்கும் கொடுக்கக்கூடாது. கோழி தின்றால் கால் எலும்பு கோணும், முட்டை தோல்முட்டையாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திரத்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்குப் பறவைகளுக்கு நேரும் ஆபத்தும் ஒரு காரணம். மீனுக்கும் இது கொடிய நஞ்சு. ஆகவே பாத்திரம் கழுவிய நீரை ஏரியிலோ குளத்திலோ விடக்கூடாது.

மருந்து கலப்பவர் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, கைகளில் பாலிதீன் பை மாட்டிக்கொள்ள வேண்டும். அன்றும் அடுத்த சில நாட்களும் கள், சாராயம் தொடக்கூடாது. இந்த வகை ரசாயனத்துடன் வேலை செய்தவர்கள் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடப்பதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1937-லேயே எழுதியுள்ளார்.

தேவையான அளவு விதைக்கு மட்டும் மருந்து கலப்பதே நல்லது. மீந்தால் கிணறு, குட்டைக்குத் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும். கோழி வளர்ப்போர் திரத்திற்குப் பதிலாகக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கலக்கக்கூடாது. திரம் நன்மை செய்யும் பூசணத்தையும் கொன்றுவிடும். ஐயமிருப்பின் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.