சம்மதம் யாருடையது?

இணையத்தோடு இணைந்த கருவிகள், நம் வீட்டுப் பெரியவர்கள், நடுவில் நிற்கும் நீங்கள்



2017 பெப்ரவரியில் ஜேர்மனியில் ஒரு பொம்மை தடைசெய்யப்பட்டது. அதன் பெயர் ‘மை பிரெண்ட் கெய்லா’. பிள்ளை கேள்வி கேட்டால் இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் அழகான பொம்மை. அதற்குள் ஒலிவாங்கி இருந்தது. ஆனால் அதன் புளூடூத் இணைப்புக்கு எந்தக் கடவுச்சொல்லும் இல்லை. சுவருக்கு அப்பால் நிற்கும் ஒருவர் கூடத் தன் கைத்தொலைபேசியை அதனுடன் இணைத்து, அறையில் நடப்பதைக் கேட்கலாம். பொம்மையின் வாய் வழியாகப் பிள்ளையுடன் கதைக்கலாம். சார்புருக்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஒரு மாணவர் இதைச் சுட்டிக்காட்டினார். ‘புண்டஸ்நெட்ஸ்அகென்டூர்’ என்ற அரச நிறுவனம், இது மறைத்து வைத்த ஒட்டுக்கேட்கும் கருவி என்று முடிவு செய்தது. விற்பதற்கு மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதற்கும் தடை வந்தது.

அதே ஆண்டு நவம்பரில், ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள சிறுவர் கைக்கடிகாரங்களுக்கும் தடை வந்தது. வகுப்பில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்குக் கூடச் சில பெற்றோர் அவற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

இந்த இரண்டு கருவிகளையும் வாங்கியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைமீது அன்பு வைத்த பெற்றோர்தான். அன்பினால் வாங்கிய பொருளும் அடுத்தவருடைய அறைக்குள் காதாக மாறலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீடுகளுக்குள் வருவோம்.

கையில் ஒட்டிய சிறு வட்டம்

நான் ஒரு தாதி. சீனி வருத்தம் உள்ளவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எனவே புதிய கருவிகளைக் கண்டு பயப்படுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அவற்றால் உயிர் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இன்சுலின் போடுபவர்கள் ஒரு நாளில் பல தடவை விரலைக் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரவில் நித்திரையில் இருக்கும்போது யார் குத்திப் பார்ப்பது? வயதான ஒருவர் மாலையில் வழமைபோல் இன்சுலினைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டுப் படுக்கிறார். அதிகாலை 3 மணிக்குச் சீனி 70க்குக் கீழே இறங்குகிறது; பிறகு 50. வியர்க்கும், நடுங்கும், குழம்பும். தனியாக இருப்பவர் என்றால் காலையில்தான் தெரியவரும்.

இப்போது மேற்கையில் ஒட்டும் சென்சர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவைப் பார்த்துக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. அளவு இறங்கினால் அலாரம் அடிக்கும். டோர்ட்முண்டில் இருக்கும் அம்மாவின் அளவை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் தன் தொலைபேசியில் பார்த்து, அழைத்து எழுப்பிச் சாறு குடிக்கச் சொல்லலாம். (ஒன்றை நினைவில் வையுங்கள்: சென்சர் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்குக் கீழேயுள்ள திரவத்தை. எனவே அது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். உடல் ஒன்று சொல்லி, திரை வேறொன்று சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள்.)

நன்மை இவ்வளவு பெரியது. விலை என்ன? அம்மாவின் கையிலிருந்து மகளின் தொலைபேசிக்குப் போகும் அந்த எண், வழியில் கம்பனியின் கணினியையும் தொட்டுத்தான் போகிறது. இது பலருக்குத் தெரியும். இன்னொரு விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. “அம்மா, நேற்று இரவு 240. என்ன சாப்பிட்டீங்கள்? பக்கத்து வீட்டு வடையா?” ஒவ்வொரு நாளும் இந்த விசாரணை நடந்தால், சிலர் சென்சரையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தரங்கம் என்பது கம்பனிகளிடமிருந்து மட்டும் காக்க வேண்டிய ஒன்று அல்ல. 70 வயதுக்காரருக்குத் தன் பிள்ளையிடமிருந்தும் கொஞ்சம் அந்தரங்கம் வேண்டும். அலாரம் மட்டும் எனக்கு வந்தால் போதுமா, எல்லா எண்ணும் வர வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

வெள்ளைக் குளிசையும் ‘ஏ-பே-ஆ’வும்

இரவில் அவசரப் பிரிவுக்கு வரும் நம் பெரியவர்களில் பலர் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வருவார்கள். பை இல்லாவிட்டால் பதில் இப்படி இருக்கும்: “காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, இரவில் அரைக் குளிசை.” வெள்ளைக் குளிசைகள் ஆயிரம் இருக்கின்றன. விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா இல்லையா என்பது, அடுத்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் என்ன செய்வோம் என்பதையே மாற்றிவிடும்.

இதற்குத்தான் மின்னணு நோயாளர் கோப்பு உதவுகிறது. கிராங்கன்காசவிலிருந்து வந்த கடிதங்களில் ‘ஏ-பே-ஆ’ என்று பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரி 15இல் சில பகுதிகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, ஏப்ரல் 29 முதல் நாடு முழுவதும் வந்தது. ஒக்டோபர் 1 முதல் வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். மின்னணு மருந்துச் சீட்டில் எழுதப்பட்டு மருந்தகத்தில் வாங்கிய மருந்துகள் தானாகவே அங்கே பட்டியலாகும். கடையில் நீங்களாக வாங்கிய வலிக்குளிசையோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆயுர்வேத மருந்தோ தானாக ஏறாது. அதை வாய்திறந்து சொல்லத்தான் வேண்டும்.

மறுபக்கத்தைப் பாருங்கள். எதிர்ப்புத் தெரிவிக்காத எல்லோருக்கும் கோப்பு திறக்கப்பட்டது. அப்படி ஏறத்தாழ 70 மில்லியன் பேர். கடிதத்தை வாசிக்காதவருக்கும் கோப்பு இருக்கிறது. காப்புறுதி அட்டையை ஒரு வைத்தியரிடம் போட்டால், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அவர் 90 நாட்களுக்கு அந்தக் கோப்பைப் பார்க்கலாம். மருந்தகம் 3 நாட்கள். பல்வைத்தியருக்கு உங்கள் மனநல சிகிச்சை பற்றித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அவருக்குத் தெரியலாம்.

பாதுகாப்பு? 2024 டிசம்பரில் ஹம்பேர்க்கில் நடந்த மாநாட்டில், ‘கேயாஸ் கொம்பியூட்டர் கிளப்’ என்ற கணினிப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இந்த அமைப்பில் உள்ள ஓட்டைகளை எல்லோருக்கும் முன்னால் விளக்கினார்கள். திருத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லி நாடு முழுவதும் தொடங்கிய சில நாட்களிலேயே மறுபடியும் ஒரு வழியைக் காட்டினார்கள். அந்த வழியும் அடைக்கப்பட்டது.

நான் இதை எழுதுவது ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கல்ல. பல மருந்து எடுக்கும் ஒரு முதியவருக்கு இந்தக் கோப்பு பெரும் நன்மை என்றே நினைக்கிறேன். ஆனால் உரிமைகளைத் தெரிந்துகொண்டு வைத்திருங்கள். ஒரு ஆவணத்தை மறைக்கலாம். ஒரு வைத்தியரைத் தடுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் கோப்பையே வேண்டாமென்று அழிக்கச் செய்யலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர் கிராங்கன்காசவின் ‘ஒம்புட்ஸ்’ பிரிவு வழியாக ஒரு வைத்தியரைத் தடுக்கலாம். உங்களுக்கு 15 வயது முடிந்துவிட்டதா? உங்கள் கோப்பைப் பற்றி நீங்களே முடிவெடுக்கலாம்.

“எங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?”

இதை நம் வீடுகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பதிலும் நம் வீடுகளிலேயே இருக்கிறது.

1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது, அவர்களில் பலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்குப் போடுவதற்காகத் தயாரித்த பட்டியல் அது. பெயரைக் கொடுத்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. மறைக்கவும் எதுவும் இருக்கவில்லை. ஒரு பெயரும் ஒரு விலாசமும் போதுமாக இருந்தது. உங்கள் தாத்தா பாட்டிமாரில் பலர் இந்த நாட்டுக்கு வந்ததற்கு அந்த ஜூலை ஒரு காரணம்.

அதே 1983இல் ஜேர்மனியில் ஒரு குடிசனக் கணக்கெடுப்பு நடக்க இருந்தது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1939ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யூத மூதாதையர் பற்றியும் கேட்டு எழுதிய நாடு இது. அந்த நினைவு மக்களுக்கு இருந்தது. டிசம்பர் 15ஆம் திகதி கார்ல்ஸ்ரூவவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தன்னைப் பற்றிய தகவலை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது அடிப்படையில் அந்த மனிதரின் உரிமை. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘தகவல் சுயநிர்ணய உரிமை’. சுயநிர்ணயம் என்ற சொல்லை நம் வீடுகளில் வேறொரு பொருளில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். இந்தப் பொருளும் நமக்கு அந்நியமானது அல்ல.

எனவே, நமக்கு மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று யோசிப்பதைவிட, ஒன்றுக்காகக் கொடுத்த தகவல் நாளை வேறொன்றுக்குப் போகாமல் தடுப்பது எது என்று கேட்பதே பயனுள்ளது.

இரண்டு செயலிகள்

கொரோனாக் காலத்தில் உங்கள் தொலைபேசியில் இரண்டு செயலிகள் இருந்திருக்கலாம். ஒன்று, 2020 ஜூன் 16இல் வந்த ‘கொரோனா வார்ன் அப்’. முதலில் எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் சேர்க்கத்தான் அரசு யோசித்தது. எதிர்ப்பு எழுந்ததும் திட்டத்தை மாற்றியது. தொலைபேசிகள் தங்களுக்குள் பெயரில்லாத குறியீடுகளை மட்டும் பரிமாறின. நீங்கள் யார், எங்கே போனீர்கள் என்பது அதற்குத் தெரியாது. 48 மில்லியன் தடவைகளுக்கு மேல் அது தரவிறக்கப்பட்டது.

மற்றது ‘லூக்கா’. உணவகத்துக்குள் நுழையும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் பதிவாகும். 2021 நவம்பரில் மைன்ஸ் நகரில் ஒரு உணவகத்திலிருந்து வெளியேறிய ஒருவர் விழுந்து, பின்னர் இறந்துபோனார். சாட்சிகளைத் தேடிய பொலிஸ், சுகாதாரத் திணைக்களத்தின் வழியாக அங்கிருந்த 21 பேருடைய விவரங்களைப் பெற்றது. தொற்றைத் தடுக்க மட்டுமே பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்லியிருந்தும் அது நடந்தது. பிறகு அரச வழக்கறிஞர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

பொலிஸ் செய்ய முயன்றது கெட்ட காரியம் அல்ல. ஆனாலும் கொடுத்த வாக்கு மீறப்பட்டது. மற்றச் செயலியில் அப்படி எடுப்பதற்குப் பெயரே இருக்கவில்லை. சேர்க்காத தகவலை யாராலும் எடுக்க முடியாது. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது எதைச் சேர்க்கிறது, எங்கே வைக்கிறது என்று கேட்பது நல்லது.

பொத்தானை அமர்த்துவது யார்?

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் வீடுகளில் ‘சுஸ்டிம்மன்’ என்ற பொத்தானை அமர்த்துவது யார்? அம்மம்மாவின் சென்சரை இணைப்பது, அப்பாவின் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது, அம்மாவின் கிராங்கன்காசச் செயலியைத் திறப்பது எல்லாம் நீங்கள். பத்து வயதில் வைத்தியரிடம் மொழிபெயர்க்கத் தொடங்கிய பிள்ளைகள், இன்று பெரியவர்களுக்குப் பதிலாகச் சம்மதமும் கொடுக்கிறார்கள்.

எனக்கு ஒரு சட்டக் கடமை இருக்கிறது. நோயாளியின் இரகசியத்தை வெளியே சொன்னால், ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி எனக்கு ஒரு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். வைத்தியருக்கும் அப்படித்தான். உங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் நான் பார்ப்பதைவிட அதிகமாக உங்கள் அம்மாவின் கோப்பில் நீங்கள் பார்க்கக்கூடும். அவர் உங்களுக்கு ஒருபோதும் சொல்லாத ஒரு கருச்சிதைவு, ஒரு மனச்சோர்வு, போர்க்காலத்துக் காயம் ஒன்று அங்கே இருக்கலாம். அதைப் பார்க்கலாமா என்று கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

பொத்தானை அமர்த்துமுன் நான்கு கேள்விகளை, அவர்கள் பக்கத்தில் இருந்து, தமிழில் கேளுங்கள்:

1. இது எதற்கு? உங்களுக்கு உண்மையில் வேண்டுமா?
2. இது எந்தத் தகவலை எடுக்கிறது, யாரிடம் போகிறது?
3. இதை நான் பார்க்கலாமா? எவ்வளவு பார்க்கலாம்?
4. பிறகு வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது?

நான்காவதற்குப் பதில் தெரியாவிட்டால், அன்றைக்கு அமர்த்தாதீர்கள். இரண்டு நாள் கழித்து அமர்த்தினால் ஒன்றும் குறையாது. பதில் கிடைத்து, அவர்களும் ‘சரி’ என்றால் தயங்காமல் இணைத்துக் கொடுங்கள். அதிகாலை 3 மணிக்கு அடிக்கும் அந்த அலாரம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம். அந்த ‘சரி’ மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

வாலிபர் கூடுகையில் கலந்துரையாட

• நீ இருக்கும் இடத்தைத் தொலைபேசி வழியாக இப்போது யார் யார் பார்க்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு நீயாக அனுமதி கொடுத்தாய்?

• அம்மா உன் இருப்பிடத்தைப் பார்ப்பதும், நீ அம்மாவின் சீனி அளவைப் பார்ப்பதும் ஒன்றா? எங்கே வேறுபடுகிறது?

• சபையில் யாராவது நோயுற்றால் வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பம் போடுகிறோம். நோயின் பெயரையும் எழுதலாமா என்று அவரிடம் கேட்கிறோமா?